முதல் வாய்ச் சோறு

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து ஒரு வாய் நான் தின்று காட்டினால்தான் அவர் கை வைப்பார். ஏழு மாதம் இப்படி நடந்தது. தொண்ணூற்று மூன்று, நான்கு இருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

திருவண்ணாமலையில் நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முதலில் எரிச்சல் என்றார். நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே கையை வைத்துக் காட்டுவார். நாலு வாய் உள்ளே போனதும் வயிறு உப்பிவிடும். புளித்த ஏப்பம். காலையில் குமட்டல். சோடா குடித்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். குடல் ஏறிக்கிடக்கிறது என்று ஒருத்தி எண்ணெய் போட்டு நீவினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆள் பாதியானார்.

அடி அண்ணாமலையிலிருந்து அவருடைய அக்கா வந்தார்.

"இன்னாடா இப்படி எளச்சிட்ட? யார் கையால துன்ற?"

"இவ கையாலதான்."

"அதான் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. புருஷனை மடக்க நான் சோற்றில் மருந்து வைத்துவிட்டேனாம். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். எங்கள் பக்கம் அப்படி ஒரு பேச்சு உண்டு. அதை உறிஞ்சி எடுக்க ஆளும் உண்டு.

அந்த ஆளிடம் மூன்று பேரும் போனோம். இவரைப் படுக்க வைத்து, தொப்புள் மேல் குழாயை வைத்து உறிஞ்சினான். பிறகு இலையில் துப்பினான். கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அவன் வாயில் முதலிலிருந்தே வெற்றிலை அதக்கியிருந்ததை நான் பார்த்தேன்.

"வாயக் கொப்பளிச்சிட்டு இன்னொரு தரம் எடுங்க" என்றேன்.

"பாத்தியாடா, பயந்துட்டா" என்றார் அக்கா.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் ஆரம்பித்தது அந்த முதல் வாய். தின்று காட்டினேன். வேறென்ன செய்வது? தின்னாவிட்டால் ஒத்துக்கொண்டது போல ஆகும். அம்மா வீட்டுக்குப் போனாலும் அதேதான். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை.

கட்டி வெளியே வந்துவிட்டது என்றார்களே, எரிச்சல் ஏன் போகவில்லை? அதை ஒருவரும் கேட்கவில்லை. நான் மறுபடி வைத்துவிட்டேன் என்றார்கள்.

அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் மாத்திரைப் பொட்டலம் இருக்கும். முட்டி வலிக்கு மெடிக்கலில் "ஒரு செட்டு" என்று கேட்டால் நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம், கேள்வி வேண்டாம். மண்டியில் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். இவர் காலையில் வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொண்டு, பீடியைப் பற்றவைத்து, மூட்டைக்குப் போவார். மாத்திரை போட்ட நாளில் எரிச்சல் ஜாஸ்தி. அதை அவரிடம் சொன்னேன்.

"மருந்து வெச்சவ மாத்திரையப் பத்திப் பேசறியா?" என்றார்.

அன்றிலிருந்து ஒன்றிரண்டு மாத்திரை மிஞ்சிக் கிடந்த பொட்டலங்களைப் பருப்பு டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஒரு நாள் மண்டியிலேயே விழுந்துவிட்டார். ரெண்டு நாளாக வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போனதாம். என்னிடம் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அக்காவும் கூட வந்தார்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையில் துளி கிள்ளி, கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். கிருமி இல்லை. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"வயித்துக்குள்ள உள்தோல் வீங்கி செவந்து கெடக்கு. அங்கங்க புண்ணாயி ரத்தம் கசியுது. வலிக்கு ஏதாவது மாத்திரை போடறாரா?"

"காலையில வெறும் வயித்துல போடுவார்" என்று டப்பாவைக் கவிழ்த்தேன். டாக்டரம்மா பொட்டலங்களைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"வெறும் வயித்துல இவ்ளோவா? உயிர் இருக்கறதே பெருசுப்பா."

"அப்போ அந்தக் கட்டி?" என்றார் அக்கா.

"எந்தக் கட்டி? உள்ள ஒண்ணும் இல்லம்மா."

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மாத்திரையை நிறுத்தினார். பீடியைக் கம்மி செய்தார். ரெண்டு மாதத்தில் எரிச்சல் போனது. ஒரு நாள் தட்டை வைத்தேன், நான் கை நீட்டுமுன் அவரே எடுத்துத் தின்றார். என்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அக்கா வந்தார். இலை போட்டுச் சோறு வைத்தேன். குழம்பு ஊற்றினேன். அவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் குனிந்து, அவர் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து, நன்றாக மென்று தின்றேன்.

"இப்ப சாப்புடுங்க அண்ணி" என்றேன்.