கேஜில் ஏறி வந்த முகம்

தனபால் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ரயிலில் வந்தது. பங்காரப்பேட்டையைத் தாண்டி வண்டி பெங்களூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அழைத்தவர் அவருடைய அக்கா ரஞ்சிதம். "சுமதி, தம்பி போயிட்டான்மா. உக்காந்த எடத்துலயே போயிட்டான்" என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்வண்டிக்காக நின்றேன்.

உங்களில் பலருக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் வழியாக அவரைத் தெரியும். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் இருக்கும் எங்களுக்கு அவர் பெங்களூர் ஆலையொன்றில் வேலை பார்த்தபடி, போகவர ரயிலிலேயே எழுதியவர். நான் சினிமாவுக்கு டப்பிங் வசனம் எழுதுகிறவள். வேலைக்கு நான் போகும் வண்டியும் அதுதான்; எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்து அத்தியாயங்களை வாசித்துக் காட்டுவார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த தொடர், ரஞ்சிதம் அக்காவின் கணவரைப் பற்றியது. நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரிந்த ஷிப்டில் முனிசாமி மாமா கீழே இருந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. கதையிலும் அப்படித்தான். தேடப் போனவர்களை ஏற்றிக்கொண்டு, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டான கேஜ் மேலே வருகிறது. அதில் அவன் இல்லை. வாசகர்கள் கெஞ்சுகிறார்கள், அவனைப் பிழைக்க வைத்துவிடுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது அண்ணன் மறுத்துவிட்டார். "எங்க அக்காவும் படிக்கும் சார். அதுங்கிட்ட நான் பொய் சொல்ல முடியாது" என்றார்.

பல வருடங்கள் கழித்துப் பெங்களூர் கம்பெனி ஒன்று அதைப் படமாக்கியது. சுரங்கம், தூசி, தலைவிளக்கின் வெளிச்சம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கினார்கள். தோற்றத்துக்காக என்று மாமாவின் கல்யாணப் போட்டோவையும் கேட்டார்கள். அக்காவே கண்ணாடியைத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். படம் வந்தபோது திரையில் நடந்தது மாமாதான். யாரோ நடித்திருந்தார். அவர் மீது மாமாவின் முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். தியேட்டரில் அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தார். முடிவு அண்ணன் எழுதியபடியே இருந்தது. வெளியே வந்ததும், "நல்லா எடுத்துகீறாங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அது கைபேசிக்கு வந்தது.

ஒரு மாலை அண்ணனும் நானும் ஸ்டேஷனில் இறங்கியபோது அக்கா அழைத்தார். "தம்பி, சீக்கிரம் வாடா. மாமா வந்துட்டாரு." ஓடினோம். அக்கா கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். கேஜ் மேலே வந்தது. கதவு திறந்தது. உடம்பெல்லாம் தூசியாக மாமா வெளியே வந்து சிரித்தார். கதையில் அக்காவின் பெயரை அண்ணன் மாற்றவில்லை. ஆகவே அந்த முகம் "ரஞ்சிதம்" என்றே கூப்பிட்டது.

அண்ணன் வெளுத்துப்போனார். "யாரு இதை எழுதினது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

"சினிமான்னு எனக்குத் தெரியாதா? இருந்துட்டுப் போவட்டும்டா" என்றார் அக்கா. ஆனால் அதற்குப் பின் அவர் கைபேசியை விட்டு எழவில்லை. வாசலுக்கு வருவது நின்றது. ஒருநாள் மதியம் நான் போனபோது இரண்டு தட்டுகளில் சோறு போட்டு வைத்திருந்தார். அண்ணன் அப்போது வேலையில் இருந்தார்.

கம்பெனிக்கு நானும் அவரோடு போனேன். பொறுப்பிலிருந்த இளைஞர் டீ வரவழைத்து, மரியாதையாகப் பேசினார். "நாங்க மறுபடி ஷூட் பண்ணவே இல்ல சார். ஜனங்க பாதியில நிறுத்தினா சிஸ்டமே முடிவை மாத்திக்கும். உங்க முடிவும் இருக்கு. சிலருக்கு அது வரும்."

"யாருக்கு எது வரும்?"

"அது எங்களுக்கும் தெரியாது சார்."

திரும்பும் வழியில் அண்ணன் ரயிலில் நோட்டைத் திறந்து, எழுதாமல் மூடினார். பிறகு, "இதுல வில்லன் யாருன்னே தெரியலயே சுமதி. இத நான் எப்டி எழுதறது?" என்றார்.

அந்த முகத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று அவர் விடாமல் கேட்டார். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சில நாட்களிலேயே மாமாவின் முகம் போய்விட்டது. முடிவு மட்டும் அப்படியே இருந்தது. அக்கா கைபேசியைத் திறந்தபோது, யாரோ ஒரு அன்னியன் கேஜிலிருந்து இறங்கிச் சிரித்து, "ரஞ்சிதம்" என்றான்.

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "அவர இன்னாடா பண்ணாங்க?"

"நான்தான்க்கா எடுக்கச் சொன்னேன்."

"ஒரு தடவ சுரங்கம் எடுத்துக்கிச்சு. இப்ப நீயாடா?"

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அக்கா அவரிடம் பேசாமலே இருந்தார். மழைக்காலம் வந்த பிறகுதான், "சாப்ட வாடா" என்று கூப்பிட்டாராம். அதை அண்ணன் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியம்கூட ஆகவில்லை, கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். அண்ணனின் போட்டோவும் குரலும் பழைய கதைகளும் வேண்டுமாம். அவர் நடையிலேயே மிஷின் எழுதிவிடுமாம். யாரென்று அக்கா கேட்டார். சொன்னேன். அவர் தலைக்கு மேலே அண்ணனின் படம் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டோ கெடையாதுன்னு சொல்லும்மா" என்றார்.

அப்படியே சொன்னேன். "பரவால்ல மேடம், நெட்ல இருக்கறத வெச்சுப் பாத்துக்கறோம்" என்று அந்தக் குரல் பணிவாகச் சொல்லி வைத்துவிட்டது. அண்ணனோடு படம் எடுத்து நெட்டில் போட்டிருக்கும் நண்பர்களே, இதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடைசி மாதங்களில் அண்ணன் எதுவும் எழுதவில்லை. கோரமண்டல் பிளாட்பாரத்தில் ஒருநாள் காரணம் கேட்டேன். "எழுதினா எடுத்துக்குவாங்கமா. ஒக்காரு, சொல்றேன்" என்றார். ஒரு முழுக் கதையை வாயாலேயே சொன்னார். எங்கள் வண்டி வந்து நின்றது, கிளம்பியும் போனது. நாங்கள் எழவில்லை. முடிவைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்தக் கதைதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. அதை நான் தாளில் எழுதவில்லை, எந்தக் கைபேசியின் முன்னாலும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.