களைக்குப் பயந்து என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தவன்

முதல் வருடத்தை வீணாக்காதே, எதிலாவது சேர் என்றார்கள் சீனியர்கள். என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தேன்.

சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை. சனிக்கிழமையானால் அம்மா மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கக் கூப்பிடுவார். அதிலிருந்து தப்பிக்கத்தான்.

இன்றுதான் முதல் முகாம். காலையில் எங்கள் ஊர் நைனார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போனேன். கல்லூரி வேனில் ஏற்றி, திரும்ப நைனார்பாளையத்திலேயே இறக்கினார்கள்.

வேலை, பள்ளி மைதானத்தில் களை எடுப்பது.

யார் சொன்னார்களோ, அம்மா வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, நேராக எங்கள் சாரிடம் போனார்.

"வூட்ல சொன்னா இடுப்பு வலின்றான் சார். இங்க நல்லா குனிஞ்சிக்கினு பண்றான். அடுத்த வாரம் எங்க காட்டுக்கும் இட்டுக்கினு வாங்க."

சார் சிரிப்பார் என்று பார்த்தேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.

என்.சி.சி.யில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.