அண்ணனின் பேட்டரி டப்பாக்கள்

என் அண்ணன் காது மிஷின் கடையில் வேலை பார்க்கிறான். அங்கே கழற்றிப் போடும் பொத்தான் பேட்டரிகளைக் குப்பையில் கொட்ட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தான். அப்புறம் அக்கம்பக்கத்து ரிமோட், டார்ச், பொம்மை பேட்டரிகளும் அவனைத் தேடி வந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போடுவான். ஒன்றோடொன்று உரசினால் குப்பை லாரியே பற்றிக்கொள்ளும் என்று நூறு தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பான். தெருவில் அவனுக்கு 'டேப் மாமா' என்றே பெயர்.

விடுமுறையில் அதே ஊரிலிருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்திருந்த நான், மகளை ஞாயிறன்று முதல்முறையாக அண்ணனிடம் காட்டுவதாக இருந்தேன். அவள் தவழ்கிற வயது. கையில் சிக்குவதெல்லாம் வாய்க்குத்தான் போகும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் தொண்டையே புண்ணாகிவிடும். "அந்த டப்பா இருந்தா நான் வரமாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன். "சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும்" என்றான். பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் அந்த வண்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

மற்றவர்கள் தூக்கிப் போட்டதில் கொஞ்சம் உயிர் இருப்பதைப் பொறுக்கித் தன் கடிகாரத்துக்குப் போடுவது அவன் பழக்கம். சனிக்கிழமை அந்தக் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. அண்ணன் டப்பாக்களோடு தெருமுனைக்குப் போனபோது வண்டி போய்விட்டிருந்தது. உடனே போன் செய்தான்.

"வண்டி போயிடுச்சு. நாளைக்கு வராத."

"டப்பாவையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் கோபமாக.

"உம் பொண்ணு முதல்ல அங்கதான போவா?"

கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. குழந்தையை மாமியாரிடம் விட்டு, காரை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருமாக டப்பாக்களை ஊருக்கு வெளியே இருந்த பேட்டரி சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தோம். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவன் குழந்தையைப் போலவே தவழ்ந்து மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடினான். பீரோவுக்கு அடியில் பொத்தான் பேட்டரி ஒன்று கிடைத்தது. இன்னும் இரண்டு முறை தேடினோம்.

ஞாயிறன்று அண்ணன் வீட்டில் மகளைத் தரையில் விட்டேன். நேராகக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். அண்ணன் தரையோடு தரையாகப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே வந்து, தூசி மட்டுமே படிந்த இரண்டு கைகளையும் அவன் கன்னத்தில் வைத்தாள். அண்ணன் அழுதுவிட்டான்.