வாடகைக்கு நின்ற அப்பா

சிந்தோ பெற்றது ஒரே ஒரு பிள்ளை. ஆனால் ஸ்பானிஷ் பேசும் அந்தத் தீவின் அசுவா வட்டாரத்துப் பேஸ்பால் மைதானங்களில் அவனை "அப்பா" என்று கூப்பிட்ட பையன்களை வரிசையில் நிறுத்தினால் இரண்டு அணி கட்டலாம், மிச்சம் இருப்பவர்களைப் பந்து பொறுக்க விடலாம். இதற்காக அவன் மனைவி மிலெய்தி ஒருநாளும் விளக்குமாற்றைத் தூக்கியதில்லை. அத்தனையும் வாடகைப் பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரியும்.

முழுப் பெயர் குமெர்சிந்தோ. ஊர் வைத்த பெயர் கப்பல். ஆறடி நாலு அங்குலம், கதவை அடைக்கிற தோள். தொழிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் போவான்; அவன் உட்கார்ந்த பிறகு பின்னால் ஏறுகிறவருக்கு இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஷூ என்பதை அவன் காலில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பாதத்திலும் இரண்டாவது விரல் மூன்றாவது விரலின் மேல் ஏறிச் சவாரி செய்யும். எந்தக் கடைக்காரனாலும் அந்தக் காலுக்கு ஷூ விற்க முடியவில்லை. வருஷம் முழுக்க ரப்பர் செருப்புதான்.

இந்த உடம்பை முதலில் காசாக்கியவர் ராதமேஸ். அவர் பயிற்சியாளர், கூடவே தரகர். பன்னிரண்டு வயதிலேயே பையனைப் பிடித்துப்போட்டு, வாழைக்காயும் முட்டையும் ஊட்டி, ஓடவும் எறியவும் அடிக்கவும் பழக்குவார். பதினாறில் அமெரிக்க அணி ஏதாவது அவனோடு ஒப்பந்தம் போட்டால் அந்தப் பணத்தில் முப்பது சதவீதம் அவருக்கு. போடவில்லை என்றால் வாழைக்காய் நஷ்டம்.

இதில் சிக்கல் என்னவென்றால், பதினாறு வயதுப் பையனை வாங்குகிறவன் அந்தப் பையனை வாங்குவதில்லை. இருபத்திரண்டு வயதில் அவன் ஆகப்போகும் ஆளை வாங்குகிறான். அந்த ஆள் இன்னும் வரவில்லை. ஆகவே அணிக்காக ஆள் தேடி வருகிறவர்கள் பையனைப் பார்த்துவிட்டு மெல்லக் கழுத்தைத் திருப்பி வேலியோரம் நிற்கும் அப்பனைப் பார்ப்பார்கள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள் அல்லவா, அந்தக் கணக்குதான். அப்பன் கட்டை குட்டையாக இருந்தால் பையன் எவ்வளவு அடித்தாலும் விலை பாதி.

ராதமேஸ் யோசித்தார். குட்டை அப்பன்களை வீட்டில் விட்டுவிட்டு வேலியோரம் சிந்தோவை நிறுத்தினார். கையில்லாத பனியன், கையில் ஒரு துண்டு கரும்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அம்மா வந்தால் போதும். அப்பா எங்கே என்று அப்போது யாராவது கேட்டால் கடலுக்குப் போயிருப்பார்.

சிந்தோ இதைக் கலையாகவே வளர்த்தான். பையன்களுக்கு முந்தின நாள் பாடம் எடுப்பான்: "டேய், அப்பான்னு கூப்பிடும்போது எச்சில் முழுங்காதே. அவன் கேள்வி கேட்டா நேரா கண்ணைப் பாரு. இமைக்காதே. இமைச்சா போச்சு." வந்தவர் கிட்டே நெருங்கினால் கரும்பைத் துப்பிவிட்டு, பெரியவர்களை அழைக்கிற மரியாதையில் "தோன்" போட்டு ஒரு வசனம் சொல்வான்: "நானும் இவன் வயசுல இவ்வளவுதான் இருந்தேன் தோன். பதினெட்டு முடிஞ்சுதான் சடசடன்னு வளர்ந்தேன். என் அம்மா கால்சட்டை தச்சே ஓய்ஞ்சுட்டா." அந்த வசனம் சத்தியமான உண்மை. பாவம், அது எந்தப் பையனுக்கும் பொருந்தாத உண்மை.

அவன் சொந்த மகன் யெர்லினுக்குப் பதினாறு ஆனபோதுதான் வினை வந்தது. ஆட்டத்தில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே அவன் நின்றால், பந்து என்ன, எலிகூட அவனைத் தாண்டிப் போகாது. மட்டை வீச்சு சாட்டை. ஆனால் உயரம் அப்பனின் நெஞ்சுவரைதான். காலில் அதே ஏறின விரல். ஷூவின் பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துவிட்டுத்தான் ஓடுவான். பார்க்க வருகிறவர் தோன் லிசார்தோ, அந்தத் தீவில் ஆள் பொறுக்கியே தலை நரைத்தவர். அவர் வேண்டாம் என்று சொன்ன பையனை மற்ற அணிகள் திரும்பிப் பார்க்காது. அடுத்த நாளே மண்வெட்டியோடு தக்காளித் தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

"இந்தத் தடவை காசு வேணாம். என் பையன், நானே நிக்கிறேன்" என்றான் சிந்தோ.

ராதமேஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான், உனக்குப் புத்தி இருக்கா? அந்த ஆளு உன்னைப் பானி ஊர்ல ஒருத்தனுக்கு அப்பனாப் பார்த்திருக்காரு. ஓக்கோவா ஊர்ல ஒருத்தனுக்கு. போன மாசம் இங்கேயே ஒரு நீக்ரோப் பையனுக்கும் ஒரு செம்பட்டைத் தலையனுக்கும் ஒரே நாள்ல அப்பனா நின்னே! இப்ப போய் இவன் நிஜப் பிள்ளைன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாரு."

"அப்ப என் பையனுக்கு யாரு அப்பன்?"

"தீயணைப்பு நிலையத்துல சத்துர்னினோ இருக்கான்ல. பேசி முடிச்சாச்சு."

மிலெய்தி அடுப்படியில் சிரித்த சிரிப்பில் வாழைக்காய் மசிப்பு கரண்டியிலிருந்து விழுந்தது. "நல்லா வேணும். ஊருக்கெல்லாம் அப்பனா இருந்தியே, இப்ப உன் பிள்ளைக்கு ஊரான் அப்பன். அதுவும் உன்னைவிட அழகன்."

சோதனை நாளன்று வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சிந்தோ கேட்பானா? ஐஸ் சீவி விற்கிற வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்றான். கப்பலை ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்த மாதிரிதான் இருந்தது.

யெர்லின் ஓடினான்; தோன் லிசார்தோ கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். எறிந்தான், பந்து பிடித்தவன் கையை உதறினான். அடித்தான், இரண்டு பந்து வேலியைத் தாண்டி வாழைத் தோப்புக்குள் போய்விட்டது. எல்லாம் சரி. பிறகு அவர் கழுத்தைத் திருப்பினார்.

சத்துர்னினோ இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். உயரம் உண்டு, தோள் இல்லை. "உங்க பையன் வயசுல நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார் தோன்.

"நானா? இதே உயரம்தான். பதினஞ்சுலயே வளர்ந்து முடிச்சுட்டேன்" என்றான் அந்த மடையன், பெருமையாக.

தோன் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப இவனும் முடிச்சுட்டான்னு அர்த்தம். அடி நல்ல அடி. உடம்புதான் போதலை" என்று பையை எடுத்தார். ராதமேஸின் முகம் செத்துப்போனது.

சிந்தோ ஐஸ் சீவியைக் கீழே போட்டுவிட்டு வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். "தோன், அவன் என் பையன்! நானும் இவன் வயசுல இவ்வளவுதான் இருந்தேன். பதினெட்டு முடிஞ்சுதான்..."

"சடசடன்னு வளர்ந்தே. அம்மா கால்சட்டை தச்சே ஓய்ஞ்சுட்டாங்க" என்று முடித்துவைத்தார் தோன் லிசார்தோ. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு யெர்லின் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்த ஆளு உன் அப்பாவா?"

யெர்லின் எச்சில் முழுங்கவில்லை. நேராக அவர் கண்ணைப் பார்த்தான். இமைக்கவில்லை.

"இல்லை தோன். ஐஸ் விக்கிறவரு. எங்க அப்பா அங்கே நிக்கிறாரு."

எத்தனையோ பையன்கள் சிந்தோவை அப்பா என்று கூப்பிடும்போது திணறியிருக்கிறார்கள். அப்பா இல்லை என்று சொல்ல இவன் திணறவே இல்லை. இவ்வளவு நல்ல மாணவன் அவனுக்கு வாய்த்ததே கிடையாது. வாயைத் திறந்தால் பையனின் பிழைப்பில் மண்.

"ஆமாங்க, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினான்.

தோன் லிசார்தோ பையைக் கீழே வைத்தார். "தம்பி, ஷூவைக் கழட்டு" என்றார். பையன் காலைப் பார்த்தார். வேலிக்கு அப்பால், வண்டிச் சக்கரத்தின் அருகே நின்ற ரப்பர் செருப்புக் கால்களின் விரல்களையும் பார்த்தார். ராதமேஸைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். ராதமேஸ் முதலில் காதைத் தேய்த்துக்கொண்டார், பிறகு சிலுவை போட்டுக்கொண்டார்.

போகும்போது தோன் ஐஸ் வண்டியருகே நின்றார். "புளிச் சாறு ஊத்து" என்றார்.

சிந்தோ தலை குனிந்து சீவினான்.

"கப்பல், உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? உன்னை வேலியோரம் பார்த்தாலே எங்களுக்கெல்லாம் நிம்மதி. சரி, இந்தப் பையனோட அப்பன் குட்டை, இவன் வளரமாட்டான்னு எழுதிட்டுப் போயிடுவோம். இத்தனை வருஷத்துல உன் உடம்பைப் பார்த்து எவனுக்கும் நான் ஒரு பெசோ கூட்டிக் கொடுத்ததில்லை." ஐஸை உறிஞ்சினார். "இன்னிக்குத்தான் கொடுத்திருக்கேன்."

சில்லறை வாங்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

யெர்லின் வேலிக்குள்ளேயே நின்றான். ஷூ கையில், கால் வெறுமையாக. கிட்டே வரவும் முடியாமல், போகவும் முடியாமல். கண் இப்போது ஓயாமல் இமைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா..." என்றான்.

"யாருடா உனக்கு அப்பா? நான் ஐஸ் விக்கிறவன். காசை எடு" என்றான் சிந்தோ. இருக்கிற சாறு எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் ஊற்றி வேலிக்கு மேலே நீட்டினான்.