பூஜைக்குத் துடைத்த திரை

ஆந்திராவில் பாகாலாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டை ஏன் விட்டு வந்தோம் என்று நீங்கள் இருவரும் விடாமல் கேட்கிறீர்கள். அம்மா சொல்லமாட்டாள். நானே எழுதிவிடுகிறேன்.

அங்கே நான் டிராக்டர் டிரைவர். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும், அதுதான் பேச்சு. வண்டிக்குள் ஒரு திரை இருக்கும், அதில் வயலுக்கு ஒரு ஃபைல். தக்காளிப் பாத்திக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் புதைத்தபோது வண்டி போன கோடெல்லாம் அந்த ஃபைலில் இருந்தது. செடியைப் பிடுங்கிவிட்டால் தரை மொட்டை, குழாய் எங்கே என்று மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. ஃபைலைத் திறந்தால் வண்டி தானாகவே குழாயை விட்டு விலகி உழும்.

ஆயுத பூஜையன்று வண்டியில் பழசு எதுவும் தங்கக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான், இருந்தாலும் வருஷாவருஷம் வண்டியைக் கழுவிக் கொடுத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக நின்று, பொரி வாங்கிக்கொண்டு வருவேன். அந்த வருஷம் பார்த்து, மெமரி நிறைந்துவிட்டதென்று திரை கத்திக்கொண்டே இருந்தது. முதலாளி திருப்பதியில் இருப்பவர். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட அவருடைய மச்சான் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, பூஜையன்னிக்கு அழுதுக்கினு கீது? உள்ள கீற பழசெல்லாம் அழிச்சிடு."

"குழாய் ஃபைலும் போய்டும் சார். பென் டிரைவ்ல ஏத்திக்கினு அழிக்கட்டா?"

"வண்டி கழுவுறப்ப சேத்த வழிச்சி டப்பால போட்டு வப்பியா? அழிடா!"

கற்பூரத் தட்டோடு நின்ற இரண்டாவது டிரைவர் சிரித்தான். நான் அழித்தேன்.

அடுத்த உழவுக்குத் திரையில் கோடு இல்லை. "கண்ணு இல்ல உனுக்கு? நேரா போ" என்றார் மச்சான். போனேன். கலப்பை கறுப்புக் குழாயைக் குடல் மாதிரி உருவிப் போட்டது. வயல் முழுக்க அப்படித்தான்.

முதலாளி காரில் வந்து இறங்கினார். மச்சான் முந்திக்கொண்டார். "இவன்தான் அழிச்சான் பாவா. திரையில இன்னா எழுதிக்கீதுன்னு படிக்கச் சொல்லு."

கூலியாட்கள் எல்லாரும் பார்க்க, அழிக்கும் பக்கத்தைத் திறந்து, அழித்தால் திரும்ப வராது என்று இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் மச்சான் வாத்தியார் மாதிரி கை தட்டினார். "சபாஷ்! இவ்ளோ படிச்சவன் படிக்காமயா அமுக்குன?"

"நீங்கதான சார் சொன்னீங்க. இவன் கூடவே இருந்தான், கேளுங்க" என்று இரண்டாவது டிரைவரைக் காட்டினேன்.

அவன் தரையைப் பார்த்தான். "நான் கற்பூரம் ஏத்திக்கினு இருந்தேன். காதுல விழல."

"சர்ச்சுக்காரன் கை பட்டா பூஜை வெளங்குமா?" என்றார் மச்சான். கூலியாட்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிடு என்று தெலுங்கில், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சாமான் வாசலில் கிடந்தது. அதை ஏற்றிக்கொண்டு போக என் டிராக்டரையே அனுப்பியிருந்தார்கள். ஓட்டி வந்தவன் அந்த இரண்டாவது டிரைவர். வேலை இப்போது அவனுக்கு. சின்னவள், "நைனா, நம்ம வண்டி வந்துச்சு!" என்று ஓடினாள்.

அவன் இறங்கவில்லை. "கோச்சிக்காத அண்ணா. இந்த சீட்ட எப்டி முன்னாடி தள்றது? கால் எட்டல" என்றான்.

நான் ஏறி, அவன் காலுக்கு அளவாகச் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சாமானை ஏற்ற இறங்கினேன்.