தம்பிக்கு ஊட்டிய பால்

தம்பிக்கு மணல்வாரி அம்மை இறங்கிப் பத்து நாளாகியும் அவன் எழுந்து நிற்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளை; விலா எலும்புகளைத் தொட்டு எண்ணலாம். சாலைக்கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், அவன் வாய்க்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று அபிப்பிராயம் சொல்லாத ஆளே கிடையாது. அவர்களுக்கெல்லாம் தலைமை அப்பாவின் அக்கா. அத்தை உப்பை நிறுத்தினாள், எண்ணெயை நிறுத்தினாள், பாலையும் நிறுத்தினாள். மிஞ்சியது நொய்க்கஞ்சித் தண்ணீர்தான்.

அவனுக்கு முன்னால் அதே அம்மையில் படுத்தவள் நான். எனக்கு ஒன்பது வயது. “காய்ச்சல் விட்டாச்சுல்லா, எந்திரிட்டீ” என்று பாயிலிருந்து எழுப்பி வேலைக்கு விட்டார்கள். என் பத்தியத்தை விலக்க வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் அம்மா அத்தையிடம் சொல்லாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த மலையாளத்து டாக்டரம்மா அவனைப் பார்த்ததுமே சினந்தாள்.

“அசுகம் எப்பவோ போயாச்சு. இந்தக் குட்டி இப்பக் கெடக்குறது பட்டினியாக்கும்! ரெண்டு மணிக்கொருக்கா பால் கொடுக்கணும், சோறு குழைச்சுக் கொடுக்கணும். அடுத்த ஆழ்ச்ச கொண்டு வாங்க, தூக்கம் நோக்கணும்.”

மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. அம்மா வந்து சொன்னபோது அத்தைக்கு அது விளங்கவில்லை. “புள்ள தூங்குதானான்னு பாக்கதுக்கு ஒரு டாக்டரா?” என்று வாரம் முழுவதும் பொருமினாள்.

ஊட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மாவுக்கு அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. பக்கத்துக் கோட்டையில் மணிக்கொருதரம் மணி அடிப்பதைக் கேட்டுக் கேட்டு நான் டம்ளரோடு உட்காருவேன். தம்பி உதட்டை இறுக்கிக்கொள்வான். காக்கா காட்டினேன், பாடினேன், மூக்கைப் பிடித்தேன். ஒரு வாய் வாங்கி, அதை அப்படியே கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, என் பாவாடையில் வடியவிடுவான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ! அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள், ஆறிப்போன மிச்சத்தை வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன். ஐந்தாம் நாள் அவனிடம் டம்ளரைக் காட்டியதோடு சரி.

“குடிச்சானாட்டீ?”

“குடிச்சாம்மா.”

அடுத்த வாரம் தராசுத் தட்டில் அவனைக் கிடத்தினார்கள். எடை முன்னிலும் குறைந்திருந்தது. டாக்டரம்மாவின் குரல் வராந்தா வரை கேட்டது.

“பால் கொடுத்தீங்களா, இல்லையா? இப்படியே போனா இந்தக் குட்டி தங்காது!”

“ஒரு வேளகூடத் தப்பாமக் குடுத்தேன், டாக்டரம்மா” என்ற அம்மா, சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“நீ வா. இதுல ஏறு.”

பெரியவர்கள் நிற்கும் தராசு அது. குடித்த பாலெல்லாம் அதில் தெரிந்துவிடும் என்று நுனிக்காலில் ஏறி நின்றேன். டாக்டரம்மா முள்ளைப் பார்த்தாள், என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், புஜத்தை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்தாள். அப்புறம் குரல் தணிந்துவிட்டது.

“இதுக்கும் கொடுக்கணும், கேட்டோ. ரெண்டு பேருக்கும்.”

அன்று முதல் அம்மாவே உட்கார்ந்து, முதலில் எனக்கும் பிறகு அவனுக்கும் ஊட்டினாள். அத்தை கத்தியதைக் காதில் வாங்கவேயில்லை. தம்பி சுவரைப் பிடித்து நிற்க ஒரு மாதமாயிற்று.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த நாள் அம்மா நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. சாலையில் ஒரு கடை முன்னால் நின்று ஏத்தன் வாழைப்பழம் ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த தம்பியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நடுத்தெருவில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தராசு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை, பின்னே எதற்கு இந்த அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கே பழத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று அவசர அவசரமாகத் தின்றேன்.