சுண்ணாம்புத் தண்ணீரின் சாட்சி

தாம்பரம் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. மேலே தெளிந்து நின்ற தண்ணீரை சில ஜாம் பாட்டில்களில் எடுத்து, ஊதுவதற்கு ஒவ்வொன்றிலும் பப்பாளி இலைக் காம்பைச் செருகினேன். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு நான் தயார். பேச்சை டீச்சர் எழுதித் தந்திருந்தார். முதலில் ஊதச் சொல்ல வேண்டும், விளக்கம் அப்புறம்தான். வரிசை மாறினால் எனக்கு எல்லாமே மறந்துவிடும்.

ஒத்திகைக்கு அகப்பட்டவர் எங்களோடு தங்கியிருந்த மாமா. மறுநாள் கீழ்க்கட்டளையில் அவருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண்ணின் அப்பாவுக்குச் சிகரெட் என்றாலே ஆகாது. தம்பி அதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்று அம்மா அங்கே அடித்துச் சொல்லியிருந்தாள்.

"உங்கள் உடம்புக்குள் எது எரிகிறது என்பதை இந்தத் தண்ணீர் சொல்லிவிடும். ஊதுங்கள்" என்று ஒப்பித்தேன். மாமா சிரித்துக்கொண்டே ஊதினார். தண்ணீர் பால் மாதிரி ஆனது. மாமாவின் சிரிப்பு நின்றது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுக்கா. ஸ்டேஷனாண்ட, ஃபிரெண்டு குடுத்தான்."

அம்மா கரண்டியோடு வந்தாள். "நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

மைத்துனனுக்குப் புத்தி சொல்லும் வாய்ப்பை அப்பா விடுவாரா? "என்னைப் பாரு, கல்யாணத்தன்னிக்கே விட்டுட்டேன்" என்றவர், கொல்லைக் குழாயடிக்குப் போய் நெடுநேரம் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அடுத்த பாட்டிலில் ஊதினார். அதுவும் வெளுத்தது. கரண்டி அப்பா பக்கம் திரும்பியது.

"சத்தியமா இல்லடி. வேணும்னா நீ ஊதிப் பாரு."

அம்மா ஊதினாள். அதுவும் பால்தான். மிச்சப் பேச்சை அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி, மூச்சில் வரும் ஆக்சிஜனோடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நெருப்பில்லாமல் மெல்ல எரிகிறது. அதில்தான் நமக்குச் சக்தி கிடைக்கிறது. மிஞ்சுவது தண்ணீரும் கரியமில வாயுவும். அந்த வாயுதான் சுண்ணாம்புத் தண்ணீரை வெளுக்க வைக்கிறது.

"எல்லாருக்கும் வெளுக்கும்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையார் படத்தின் முன்னால் அவரைச் சத்தியம் பண்ண வைத்த பிறகே அம்மா மறுநாள் கீழ்க்கட்டளைக்குக் கிளம்பினாள். அந்தப் பெண்தான் என் அத்தை. அப்பா அன்றைக்கே நிரபராதியாக விடுதலை ஆகிவிட்டார். நிரபராதி எதற்காக அத்தனை நேரம் வாய் கொப்பளித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.